மன்னர் குடிக்கும் தண்ணீர்

முன்னொரு காலத்தில் என்றதும் எந்தக் காலம் என்று கேட்கக் கூடாது. யானைகளுக்கும் அரண்மனையில் சம்பளம் போட்ட காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் உதயகேது என்று ஒரு மன்னர் இருந்தார். நல்ல மனிதர்தான். பெருமை பேசுவதில் மட்டும் கொஞ்சம் ஆசை அதிகம். எதையாவது பேசிவிடுவார், பேசியதை உண்மையாக்கும் வேலையை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார்.

அவருடைய சபையில் அம்பலக்கூத்தன் என்று ஒரு விகடன். ஊரில் எல்லோரும் கூத்தன் என்றே கூப்பிடுவார்கள். மன்னருக்கு அவன் மேல் பிரியம். அதனாலேயே மற்ற அதிகாரிகளுக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவர்களில் முதல் ஆள், நகரத்துத் தண்ணீருக்கெல்லாம் பொறுப்பான நீர்க்கண்காணி அகோரமூர்த்தி.

அந்த நகரத்தில் குடிதண்ணீர் இரண்டு இடத்தில் கிடைத்தது. அரண்மனைக்குள் பாறை ஊற்றுக் கிணறு ஒன்று. அதன் தண்ணீர் இளநீர்போல இருக்கும். வாசலில் ஈட்டிக்காரர்கள் நிற்பார்கள். ஊர் மக்களுக்குப் பெரியகுளம். அதுவும் ஒரு காலத்தில் நல்ல தண்ணீர்தான். ஆனால் யானைக்கொட்டடியின் நாற்றம் தன் மாளிகை ஜன்னல் வழியாக வருகிறது என்று அகோரமூர்த்தி அந்தக் கொட்டடியையே கிளப்பி, குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் கரையில் கொண்டுபோய் வைத்தார். அதன் பிறகு நாற்றம் அவர் ஜன்னலுக்கு வரவில்லை. சாணி ஊருக்கு வந்தது. அந்தக் கோடையில் தெருவுக்குத் தெரு வயிற்றுப்போக்கு. சில வீடுகளில் பிள்ளைகளையும் பறிகொடுத்தார்கள்.

கூத்தன் இதைச் சபையில் சொல்லிப் பார்த்தான். அகோரமூர்த்தி சிரித்தார்.

"அரசே, பெரியகுளத்து நீர் தேன். இனிப்பு அதிகமானால் சிலருக்கு வயிற்றைக் கலக்குவது இயல்பே."

மன்னரும் அதை நம்பி, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

இப்படியிருக்கும்போது அண்டை நாட்டிலிருந்து விருபாட்சர் என்ற தூதர் வந்தார். ஆவணித் திருவிழா வரை தங்குவதாகத் திட்டம். வந்த அன்றே சபையில் உட்கார்ந்துகொண்டு, தம் மன்னர் கட்டிய பளிங்கு நீரூற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நீரூற்றின் உயரம், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பொன்மயில், மயிலின் மூக்கிலிருந்து கொட்டும் பன்னீர் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. உதயகேது எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"நீரூற்றுக்கென்ன, தூதரே! எம் நகரில் யாம் பருகும் நீரையே கடைசிக் குடிமகனும் பருகுகிறான். வேறு எந்த நாட்டில் உண்டு இது?" என்று சொல்லிவிட்டார்.

தூதர் வாயைப் பிளந்தார். "ஆகா! நாளைக் காலை நகர்வலம் போகும்போது அடியேன் அதைக் கண்ணாரக் கண்டு எங்கள் மன்னருக்கு எழுதுகிறேன்" என்று சொல்லி விடைபெற்றுக்கொண்டார்.

தூதர் வெளியே போனதும் மன்னரின் முகம் சுருங்கியது.

"இப்போது என்ன செய்வது?"

அகோரமூர்த்தி இதுதான் சமயம் என்று எழுந்தார். "மன்னரின் வாக்கு பொய்யாகக் கூடாது. நகரத்து நீரைப் பற்றி நம் சபையில் அதிகம் கவலைப்படுபவர் கூத்தன். இப்பணியை அவரிடமே ஒப்படைக்கலாம். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும். வாயால் மட்டும் பேசுகிறவர்கள் நமக்கு எதற்கு?"

அவரைச் சேர்ந்தவர்கள் "நன்று, நன்று" என்றார்கள். ஓர் இரவில் ஒரு குளத்தைச் சுத்தம் பண்ண யாரால் முடியும்? அவர்கள் மனக்கண்ணில் கூத்தன் அப்போதே மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"கூத்தா, என்ன சொல்கிறாய்?" என்றார் மன்னர்.

 வீட்டில் கூத்தனின் மனைவி அப்போதுதான் காய்ச்சலும் பேதியும் விட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவளை அழைத்துக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவது? ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"அரசே, தாங்கள் சொன்ன சொல் ஒன்றுகூடப் பிசகாமல் உண்மையாக வேண்டும், அவ்வளவுதானே?"

"ஒரு சொல்லும் பிசகக் கூடாது."

"அதற்கு என்ன செய்தாலும் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது."

"இந்தா, என் முத்திரை மோதிரம். இதைக் காட்டி நீ இடும் கட்டளை என் கட்டளை. போ!"

கூத்தன் மோதிரத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே பறையறைகிறவரிடம் போனான். பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் தமுக்கு ஒலித்தது. "நாளை விடியற்காலை முதல் இந்த நகரத்து மக்கள் எல்லோரும் மன்னர் குடிக்கும் தண்ணீரையே குடிக்க வேண்டும்! குடத்தோடு அரண்மனைக் கிணற்றுக்கு வாருங்கள்! தடுக்கிறவர்கள் அரச கட்டளையை மீறியவர்கள்!"

மறுநாள் சனிக்கிழமை. மன்னருக்கு எண்ணெய்க் குளியல். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார். பணியாள் தலையில் சிகைக்காயை அரக்கிக்கொண்டிருந்தான். தேய்த்து முடித்து, "தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்றான். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டான். கடைசியில் ஓர் ஆள் காலிக் குடத்தோடு ஓடி வந்தான்.

"கிணத்துப் பக்கமே போக முடியலைங்க! ஊரே உள்ள வந்து நிக்குது!"

"ஈட்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கத்தினார் மன்னர்.

"அவங்களும் குடத்தோட வரிசையில நிக்கிறாங்க, மகாராசா. கட்டளைன்னு சொல்றாங்க."

அதற்குள் சிகைக்காய் மன்னரின் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். கையில் அகப்பட்ட சொம்பைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு துண்டோடு, கண்ணை மூடிக்கொண்டே கிணற்றை நோக்கி ஓடினார். கிரீடம் இல்லை, மாலை இல்லை, பட்டு இல்லை. எண்ணெயும் நுரையுமாக ஓடி வரும் அந்த ஆள் யாரென்று யாருக்குத் தெரியும்?

"யோவ், எண்ணெத் தலை! எங்கய்யா பூந்து போற?" என்று ஒரு குரல் தடுத்தது. கீழத்தெருவில் ஆப்பம் சுட்டு விற்கும் செம்பாயி. "நாங்கல்லாம் கோழி கூவறதுக்கு முன்னாடி வந்து நிக்கிறோம். கண்ணு தெரியலையா?"

"உண்மையாகவே தெரியவில்லை, அம்மா! கண்ணில் சிகைக்காய்!"

"அடப் பாவமே! அதுக்கு எதுக்கு இந்த ஓட்டம்? குனி இப்படி."

அப்போதுதான் நிரப்பிய தன் குடத்தைச் சாய்த்து மன்னரின் முகத்தில் தண்ணீர் விட்டாள். இரண்டு கண்ணையும் முந்தானையால் துடைத்தும் விட்டாள். மன்னருக்கு உயிர் வந்தது. சுற்றிலும் பார்த்தார். அரண்மனை முற்றம் முழுக்க மண்குடமும் பித்தளைக் குடமும். கிணற்றுச் சகடைகள் ஓயாமல் கிறீச்சிட்டன. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் நந்தவனத்து ரோஜாச்செடியில் ஈரத்துணியைக் காயப்போட்டிருந்தார்.

"ஏனம்மா இத்தனை கூட்டம்? உங்களுக்குக் குளம் இருக்கிறதே?" என்றார்.

"குளமா? நீ எந்த ஊரு? அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் எம்பொண்ணு சுருண்டு கெடக்கா. வயித்தால போயிட்டே இருக்கு. நீர்க்கண்காணிகிட்டப் போயி அழுதா, காய்ச்சிக் குடிக்கறதுக்கு என்னங்கறாரு. காய்ச்சினா மட்டும் யானைச் சாணி சர்க்கரைப் பொங்கலா ஆயிருமா?" செம்பாயி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ராசா கெணத்துத் தண்ணி நல்ல தண்ணியாம். அவளுக்கு ஒரு வாய் குடுக்கலாம்னு ஓடியாந்தேன்."

மன்னர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். அவள் குடத்தில் பாதி தன் கண்ணில் போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துத் தூதர் விருபாட்சர் பல்லக்கில் வந்து இறங்கினார். நகர்வலம் போனவர் ஊர் முழுக்க வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து இங்கே வந்திருந்தார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வரிசையில், ஆப்பக்காரிக்குப் பின்னால், எண்ணெய் வழியச் சொம்போடு நிற்கும் உருவத்தின் மேல் அவர் பார்வை போய் நின்றது. முந்தின நாள் எதிரில் உட்கார்ந்து பேசிய முகமாயிற்றே! கை கூப்பித் தரையில் விழுந்தார்.

"அரசே! தாங்கள் பெருமைக்குச் சொன்னீர்கள் என்றுதான் நினைத்தேன். அடியேனை மன்னிக்க வேண்டும். குடிகள் அரண்மனை நீரைப் பருகுவது மட்டுமா? தாங்களும் அவர்களோடு வரிசையில் நிற்கிறீர்களே! எங்கள் பொன்மயிலைப் பற்றி இனி நான் எந்த வாயால் பேசுவேன்?"

'அரசே' என்ற சொல் கேட்டதும் பக்கத்தில் நின்றவர்கள் குடத்தோடு இரண்டடி பின்வாங்கினார்கள். செம்பாயி குடத்தைக் கீழே போட்டுவிடாமல் பிடித்துக்கொண்டதே பெரிய காரியம். "சாமி, எண்ணெத் தலைன்னு சொல்லிட்டேனே" என்று பதறினாள்.

"அது எண்ணெய்த் தலைதானே, அம்மா" என்றார் மன்னர். "குடத்தை நிரப்பிக்கொண்டு முதலில் வீட்டுக்குப் போ. என் அரண்மனை வைத்தியர் உன்னோடு வருவார்."

அவளுக்கு வழிவிட்டார்கள். தூதர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மன்னர் மட்டும் முன்னால் போக முடியுமா? உதயகேது தன் முறை வரும் வரை எண்ணெயோடு வெயிலில் நின்றார்.

அன்று மாலை சபை கூடியது. எண்ணெய் காய்ந்த தலை மன்னருக்கு இன்னும் அரித்துக்கொண்டிருந்தது. அகோரமூர்த்தி கையை வீசிக்கொண்டு பேசினார்.

"அரசே, மன்னரைத் துண்டோடு ஊரார் முன் நிறுத்திய இவரை என்ன செய்தாலும் தகும்! ஊற்றுக் கிணறு வற்றி, வாளியில் சேறு வருகிறது!"

"கூத்தா, பதில் சொல்" என்றார் மன்னர்.

"தங்கள் சொல் ஒன்றும் பிசகாமல் உண்மையாகிவிட்டது, அரசே. தூதர் ஓலையும் எழுதிவிட்டார்."

"அவர் திருவிழா வரை இங்கேதான் இருப்பார். நாளைக்கும் இதே கூட்டம் வருமே! கிணற்றில் தண்ணீர் இல்லையே!"

"வேறு வழியும் இருக்கிறது. மக்கள் அரண்மனைத் தண்ணீரைக் குடித்தாலும் தங்கள் சொல் உண்மை. தாங்கள் மக்கள் தண்ணீரைக் குடித்தாலும் தங்கள் சொல் உண்மைதான். பெரியகுளத்து நீர் தேன் என்று நீர்க்கண்காணி எத்தனையோ முறை இதே சபையில் சொல்லியிருக்கிறார். தேனைக் குடிக்க மன்னருக்கு என்ன தயக்கம்?"

சொல்லிவிட்டு, கொண்டு வந்திருந்த வெள்ளிக் கிண்ணத்தை முன்னால் வைத்தான். தண்ணீர் பாசி நிறத்தில் இருந்தது. மேலே ஒரு வைக்கோல் துரும்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த மந்திரி மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

மன்னர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அகோரமூர்த்தியைப் பார்த்தார். "நீர்க்கண்காணியாரே, மன்னர் பருகுமுன் சோதித்துப் பார்ப்பது உமது கடமை. பருகும்."

அகோரமூர்த்திக்கு வேர்த்துவிட்டது. "அரசே... இன்று ஏகாதசி. அடியேன் பல்லில் தண்ணீர்கூடப் படாமல் விரதம் இருக்கிறேன்."

"ஏகாதசியா?" மன்னர் தலையைச் சொறிந்தார். "ஏகாதசியன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூடாது என்று என் சோதிடர் சொல்லியிருப்பாரே? எங்கே அவர்?"

"இன்று சப்தமி, அரசே" என்று மூலையிலிருந்து சோதிடர் குரல் கொடுத்தார்.

அகோரமூர்த்தி கிண்ணத்தைக் கையில் எடுத்தார். உதடு வரை கொண்டு போனார். வாடை மூக்கில் ஏறியதும் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுக் காலில் விழுந்தார். யானைக்கொட்டடி இடம் மாறிய கதை, மக்கள் முறையிட்டபோதெல்லாம் விரட்டிய கதை எல்லாம் வெளியே வந்தது.

மறுநாளே யானைகள் பழைய இடத்துக்குத் திரும்பின. அகோரமூர்த்தியின் ஜன்னலுக்கு எதிரேதான். அவர் பதவி போயிற்று. மண்வெட்டியும் கூடையும் கைக்கு வந்தன. ஊரார் தூர்வாரியபோது முதல் கூடைச் சேற்றை அவர்தான் சுமந்தார். வாய்க்கால் வாயில் மணலும் கரியும் கொட்டி வடிகட்ட வழி செய்தார்கள். மாடு குளிப்பாட்ட வேறு குட்டை வெட்டினார்கள். வேலை முடியும் வரை ஊற்றுக் கிணற்றில் ஊறும் தண்ணீர் நோயாளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் என்று மன்னர் உத்தரவிட்டார். அரண்மனையிலும் ஊரிலும் மற்ற எல்லோரும் வடிகட்டிய வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தார்கள். செம்பாயியின் மகள் எழுந்து நடமாடினாள். புது மழை பெய்து குளம் நிறைந்தபோது, அடியில் கிடந்த கூழாங்கல் கரையிலிருந்தே தெரிந்தது.

மன்னர் கூத்தனை அழைத்துத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். "இது போதாது. வேறு என்ன வேண்டும், கேள். எதுவானாலும் தருகிறேன்."

"எதுவானாலுமா, அரசே?"

"இந்தக் கேள்வியை நீ கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது. கேள்."

"ஊற்றுக் கிணறு நோயாளிகளுக்கே இருக்கட்டும். இன்று முதல் அரண்மனைக்கும் பெரியகுளத்திலிருந்துதான் தண்ணீர் வர வேண்டும். தாங்கள், மகாராணி, மந்திரி, புது நீர்க்கண்காணி எல்லோருக்கும்."

மன்னர் ஒரு நொடி விழித்தார். பிறகு சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடேய், உனக்குப் பரிசு கேள் என்றால் எனக்குக் காவல் போடுகிறாயே!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், கேட்டதையும் கொடுத்து, கேட்காத ஒரு நல்ல வீட்டையும் குளத்தங்கரையில் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் எத்தனையோ நீர்க்கண்காணிகள் வந்து போனார்கள். கெட்டிக்காரர்களும் இருந்தார்கள், சோம்பேறிகளும் இருந்தார்கள். ஆனால் மன்னர் ஒரு முறை இருமினாலும் போதுமாம், அத்தனை பேரும் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் குளத்தைப் பார்க்க ஓடுவார்களாம்.