ஜன்னல் கண்ணாடி அழுவது எதனால்

மலைக்கும் மேகத்துக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், சோற்றுப் பானையிலிருந்து கிளம்பும் ஆவியும் பேசும். வெளியே நிற்கும் குளிரும் பேசும். இரண்டும் கூட்டாளிகள். காலையில் உலை கொதித்ததும் ஆவி ஜன்னல் வழியாக வெளியே போகும். குளிர் அதன் கையைப் பிடித்துக்கொண்டு மலைச்சரிவெல்லாம் சுற்றும். அதைத்தான் மனிதர்கள் மூடுபனி என்றார்கள்.

மேல்மலையில் வேலப்பன் என்று ஒருவன், மனைவி தங்காயியோடு பூண்டு விவசாயம் செய்துவந்தான். அடுத்த விதைப்புக்கான பூண்டைக் கட்டுக் கட்டாக வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அது கெட்டால் அந்த வருஷம் விதைக்க ஒன்றுமில்லை.

வேலப்பனுக்குக் குளிரென்றால் ஆகாது. ஊரே காட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் இவன் கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டுவான். ஒரு மார்கழியில் கீழ்நாட்டிலிருந்து வந்த மச்சினன் ஒரு கண்ணாடிப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தான். அதுவரை வீட்டு ஜன்னல் வெறும் ஓட்டைதான். வேலப்பன் கண்ணாடியை அதில் பதித்து, எறும்பு நுழையவும் இடமில்லாமல் சுற்றிலும் களிமண் பூசினான்.

“இனி குளிரு வந்தா எட்டிப் பாத்துட்டுப் போகட்டும்,” என்றான் பெருமையாக.

மறுநாள் உலை கொதித்தது. புகை ஒல்லி, கூரை இடுக்கில் நெளிந்து போய்விட்டது. ஆவிக்கு அந்த வித்தை தெரியாது. வழக்கம்போல ஜன்னலுக்கு வந்து முட்டிக்கொண்டது.

“அண்ணே, வழி விடுங்க. வெளிய ஆளு காத்துக்கிட்டு இருக்கு.”

“வெளிய போயி என்னத்தப் பண்ணப்போற? கதகதன்னு வீட்டுலயே கெட,” என்றான் வேலப்பன். அவனைப் பொறுத்தவரை அது உபசாரம்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர் வந்து கன்னத்தை வைத்தது. இந்தப் பக்கம் ஆவி வைத்தது. தொட முடியவில்லை. ஆவி அழுதது. கண்ணீர் கண்ணாடியில் வழிந்து சுவரில் இறங்கி, வீடே ஈரமானது. தங்காயி துணியால் துடைத்தாள். பிழிந்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி வழிந்தது. இப்படியே மூன்று நாள் துடைத்தாள்.

“அக்கா, கண்ணத் துடைச்சா அழுகை நின்னுருமா?” என்று கேட்டது ஆவி.

நான்காம் நாள் பூண்டின் வாசம் மாறியிருந்தது. தங்காயி ஒரு கட்டை இறக்கிப் பார்த்தாள். பல்லுக்குப் பல் பச்சைப் பூசணம். உடனே களைக்கொத்தை எடுத்து, ஜன்னலின் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குக் களிமண்ணைப் பெயர்த்தாள்.

“ஏய், குளிரு உள்ள வந்துரும்டி!” என்று கத்தினான் வேலப்பன்.

“வரட்டும். ஒங்களுக்குக் கம்பளி இருக்கு. பூண்டுக்கு என்ன இருக்கு?”

ஆவி எழுந்து இடைவெளிக்கு வந்தது. போகுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது.

“எனக்குக் கோவமெல்லாம் இல்லண்ணே. அடைச்சா அழுவேன், விட்டா போயிருவேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

சாயங்காலத்துக்குள் கண்ணாடி உலர்ந்தது. பூண்டில் பாதிதான் தப்பியது. மீதி நிலம் அந்த வருஷம் தரிசாகக் கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேலப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அந்த மார்கழியிலிருந்துதான், குளிர்காலத்தில் இறுக்கி மூடிய ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக அழுகிறது. மேல்மலைப் பெண்களும் உலை வைத்த கையோடு, கம்பளிக்குள்ளிருந்து யார் முனகினாலும் காதில் வாங்காமல், ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைக்கிறார்கள்.