இருபதடி ஏரி

பனிமூட்டத்தில் ஏரியும் வானமும் ஒன்றாய்க் கிடந்தன. ஏரியைத் தூர்வாரிய செலவைச் சரிபார்க்கச் சட்டமன்றக் குழு வந்திருந்தது.

"ஊன்றுகழி வேண்டாம், துடுப்பு போதும். வாயைத் திறந்தால் வேலை போயிடும்" என்று படகோட்டி இருளாண்டியை முன்பே மிரட்டியிருந்தார் தூர்வாரும் வேலையை நடத்திய பொறியாளர்.

படகு மேகத்துக்குள் போவதுபோல் மிதந்தது. நடு ஏரியில் குழுத் தலைவி கேட்டார்: "எவ்வளவு ஆழம் வெட்டினீங்க?"

"இருபதடி, மேடம். ஆளே முழுகிடுவான்" என்றார் பொறியாளர்.

இருளாண்டி துடுப்பை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கினார். முழங்கால்தான் நனைந்தது. கனவில் நடப்பவரைப்போலப் படகை இழுத்துக்கொண்டு நடந்தார்.

"டேய், என்னடா பண்றே?" என்று அலறினார் பொறியாளர்.

இருளாண்டி உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

தலைவி சிரித்துவிட்டார். "வாயைத் திறந்தா வேலை போயிடும்னு மிரட்டினீங்களா? அவர் வேலைக்கு நான் பொறுப்பு. நீங்களும் இறங்கித் தள்ளுங்க சார், முழுகுறீங்களான்னு பார்ப்போம்."