முதல் மழைக்கு வெளியே வரும் ஆமை

அந்தக் காலத்தில் ஆடு, ஆமை, உடும்பு எல்லாம் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. மனிதர்களும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். இப்போது பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டாலே நாம் திரும்பிப் பார்ப்பதில்லை, அதை விடுங்கள். என்ன காலம் அது! நினைத்தாலே ஏக்கமாக இருக்கிறது.

வெயிலுக்குப் பேர்போன ஒரு பொட்டல் காட்டில் சிட்டாயி என்றொருத்தி இருந்தாள். அவளும் புருஷன் சடையாண்டியும் ஆடு மேய்ப்பவர்கள். பிள்ளை கிடையாது. ஒருநாள் சந்தை கலைந்த இடத்தில், முதுகெல்லாம் மஞ்சள் கோடு ஓடிய ஓர் ஆமை தனியாக நின்றிருந்தது.

"யாருடா நீ?" என்று கேட்டாள்.

"என்னை வளர்த்தவங்க, 'இங்கேயே இரு, இதோ வந்துடறோம்'னு சொல்லிட்டு வண்டியேறிப் போனாங்க. காத்துக்கிட்டிருக்கேன்."

"எப்போ போனாங்க?"

"போன சந்தைக்கு."

சிட்டாயி ஆமையை முந்தானையில் வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆனால் வளர்க்கத் தெரிய வேண்டாமா? அந்த ஊர்க்காரர்கள் கிணற்று ஆமையைத் தவிர வேறு ஆமையைக் கண்டதில்லை. அவள் ஆசை ஆசையாக ஆட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் விட்டாள். ஆமை கல் மாதிரி அடியில் போய்விட்டது. தண்ணீர் குடிக்க வந்த உடும்புதான் கத்தியது. "அடி கூறுகெட்டவளே! இது தரை ஆமை, நீந்தத் தெரியாது! தூக்கு, தூக்கு!"

தூக்கினாள். ஆமை புரையேறி மூச்சு வாங்கியது. "என்னம்மா, வந்த அன்னைக்கே கொல்லப் பாக்கறியே" என்றது. சிட்டாயி அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஆமையிடமே கேட்டுக் கேட்டு வளர்த்தாள். காலையில் கீரை. தலை முங்காத அளவுக்குத் தட்டில் தண்ணீர். உச்சி வெயிலில் வேலமரத்து நிழல். நிழல் நகர்ந்தால் ஆமையையும் தூக்கி நகர்த்தி வைப்பாள்.

"என்னை ஒருநாளாவது இப்படிப் பாத்திருக்கியா?" என்பான் சடையாண்டி.

"நீ ஆமையாப் பொறந்திருக்கணும்" என்பாள்.

ஒரு கோடை பொல்லாத கோடையாக வந்தது. கிணறு வற்றியது, புல் கருகியது. ஆடுகளை ஆற்றங்கரைச் சீமைக்கு ஓட்டிப் போனால்தான் பிழைக்கும். சிட்டாயி ஆமையைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு கூடவே கிளம்பினாள். நண்பகலுக்குள் ஆமையின் வாயில் நுரை தள்ளியது, கண் செருகியது.

"இதுக்கு மேலே தாங்காது புள்ள" என்றான் சடையாண்டி. "நின்னா ஆடு சாகும், நடந்தா ஆமை சாகும்."

அவனை ஆடுகளோடு போகச் சொல்லிவிட்டு அவள் ஆமைக் கூடையோடு வந்த வழியே ஓடினாள். வேலமரத்தடியில் உடும்பு வளையிலிருந்து தலையை நீட்டியது. "மேலேதான் நெருப்பு. மண்ணுக்குள்ளே குளிர்ச்சி. அங்கே வை, பசி தெரியாமத் தூங்கும்."

அதுவரை எந்தத் தரை ஆமையும் மண்ணுக்குள் போனதில்லை. சிட்டாயி கையாலேயே வேரோரம் பள்ளம் பறித்தாள். சுரைக்குடுக்கையில் தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அதில் ஊற்றி ஈரமாக்கினாள். ஆமை காலை ஊன்றிக்கொண்டு இறங்க மறுத்தது.

"மாட்டேன். நீயும் என்னை விட்டுட்டுப் போயிடுவே."

"மழை வந்ததும் வந்துடுவேண்டா கண்ணு."

"அவங்களும் இப்படித்தான் சொன்னாங்க."

சிட்டாயி அதன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. நான் வருவேன். நீ மேலே வந்து பாரு, நான் நிப்பேன்."

ஆமை அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தது. பிறகு உள்ளே இறங்கியது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவள் அந்த வெயிலில் நடந்து போனாள்.

மழை வந்தது. ஆமை விழித்து, மண்ணை முட்டித் தள்ளி, கழுத்தை நீட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் யாருமில்லை. அந்தப் பக்கமும் யாருமில்லை. 'இவளும்தானா' என்று நொந்துபோய்த் தலையை இழுத்துக்கொள்ளப் போனபோது தூரத்தில் ஒரு சத்தம்.

"டேய்! உள்ளே போயிடாதேடா! வந்துட்டேன்!"

ஆடுகளையும் புருஷனையும் பின்னால் விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு ஓடி வந்தாள் சிட்டாயி.

"நிப்பேன்னு சொன்னே, நிக்கலையே."

"ஓடி வந்தேன்ல? அது போதாதா?"

"போதும்மா" என்றது ஆமை.

பிறகு ஒவ்வொரு கோடைக்கும் அது மண்ணுக்குள் இறங்கியது. ஒவ்வொரு முதல் மழைக்கும் அவள் வந்தாள். ஒரு வருஷம் வரவில்லை. மனுஷிதானே, அவள் ஆயுசு முடிந்துவிட்டது. ஆமையின் ஆயுசு முடியவில்லை. யாரும் அதற்குச் சொல்லவும் இல்லை. மழை விடும்வரை நனைந்துகொண்டே நின்றது. 'அம்மா' என்று கூப்பிட ஆளில்லாத வாய் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

அன்று முதல்தான் தரை ஆமைகள் வாய் திறந்து பேசுவதில்லை. கோடையில் மண்ணுக்குள் போய்விட்டு, முதல் மழை விழுந்ததும் மேலே வந்து, ஈரம் சொட்டக் கழுத்தை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கின்றன.