நாலு முடிச்சுப் போட்ட பை

"மனுசங்களே சரியில்லை அம்மிணி," என்றார் நஞ்சுண்டன்.

கனகமணி உரக்குழியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை பேருங்க?"

"என்ன எத்தனை?"

"சரியில்லாத மனுசங்க."

நஞ்சுண்டன் யோசித்தார். "எங்க அபார்ட்மென்ட்ல நாற்பத்தெட்டு வீடு. எங்க வீட்டைக் கழிச்சா நாற்பத்தேழு."

கனகமணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர் நஞ்சுண்டன். ஓய்வு பெற்ற கையோடு குடியிருப்போர் சங்கச் செயலாளரானார். பின்பக்கக் காலி இடத்தில் இரண்டு உரக்குழி கட்டினார். இனி நம் வீட்டுக் காய்கறித் தோல் லாரி ஏறி ஊருக்கு வெளியே போகாது, நம் மண்ணுக்கே போகும் என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கினார்.

நான்கே மாதத்தில் குழி நாறியது.

வாழைப்பழத் தோலோடு பால் கவர் வந்தது. சாம்பார் மிச்சத்தோடு ஷாம்பு பாக்கெட் வந்தது. ஒருநாள் டிவி ரிமோட்டே வந்தது.

அறிவிப்பு ஒட்டினார். காலை ஆறு மணிக்கு வீடு வீடாகப் போய் வாசலில் இருக்கும் டப்பாக்களைத் திறந்து பார்த்தார். பிரிக்காத குப்பையைப் படமெடுத்து, வீட்டு எண்ணோடு சங்கத்தின் இணையக் குழுவில் போட்டார். முன்பைவிட மோசமாயிற்று.

இரண்டு தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கனகமணியின் உரக்கூடம். இருநூறு வீட்டுக் குப்பை அங்கே வருகிறது. ஒரு ஈ இல்லை. அதனால்தான் தன் மகளைவிடச் சின்னவளைத் தேடி அவர் வந்து நின்றார்.

"எப்படி அம்மிணி பிரிக்க வைக்கறே?"

"நாளைக்குக் காலையில வண்டிகூட வாங்க சார்," என்றாள்.

அவ்வளவுதான். மறுபடி கிளற ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் வண்டியோடு நடந்தார்.

எல்லா வீட்டிலும் டப்பாக்கள் ஒழுங்காக வந்தன. ஒரு வீட்டில் மட்டும் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. ஜாக்கெட் தைக்கும் ஜானகியின் வீடு அது.

நஞ்சுண்டன் கண்கொட்டாமல் பார்த்தார். இப்போது என்ன சொல்லப்போகிறாள்?

கனகமணி வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டப்பாவைக் கொட்டினாள். கத்தரிக்காய்க் காம்பு ஒரு பக்கம், பால் கவர் ஒரு பக்கம் என்று பிரிக்கத் தொடங்கினாள்.

ஜானகி உள்ளே போய் ஒரு முக்காலியும் ஒரு டம்ளர் டீயும் கொண்டுவந்தார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

நஞ்சுண்டனுக்குப் பிடிபட்டுவிட்டது. வழியெல்லாம் மெல்ல விசிலடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அவர் அபார்ட்மென்டில் மிக மோசமான வீடு பி-பன்னிரண்டு. தாமோதரன் வீடு. அங்கிருந்து வரும் பையில் எப்போதும் நாலு முடிச்சு இருக்கும். எதுவும் பிரித்திருக்காது.

மறுநாள் காலை நஞ்சுண்டன் அந்த வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. பொறுத்துக்கொண்டார். முதல் முடிச்சை அவிழ்த்தார். இரண்டாவதை அவிழ்த்தார்.

கதவு திறந்தது.

தாமோதரன் முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு சிவந்தது. பையை வெடுக்கென்று பிடுங்கினார்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

கதவை அறைந்து சாத்தினார்.

சாயங்காலத்துக்குள் தாமோதரன் ஒரு தாளோடு மாடி மாடியாக ஏறி இறங்கினார். உரக்குழியை மூட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. முப்பத்தொரு வீட்டார் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நஞ்சுண்டன் உரக்கூடத்துக்கு ஓடினார்.

"பி-பன்னிரண்டு வாசல்ல உக்காந்து பையை அவிழ்த்தேன். நீ செஞ்சதைத்தானே செஞ்சேன்! உனக்கு டீ வருது, எனக்குக் கதவைச் சாத்தறாங்க."

"எதுக்குங்க அங்க போய் உக்காந்தீங்க?"

"அந்தாளுக்கு வெக்கம் வரட்டும்னுதான். நீயும் அதுக்குத்தானே உக்காந்தே?"

கனகமணி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"ஜானகியக்காவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரைங்க. பச்சை டப்பாவும் நீல டப்பாவும் அவங்களுக்கு ஒண்ணாத்தான் தெரியுது. மிஷினை மூடி வச்சே ரெண்டு மாசமாச்சு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதுவரைக்கும் நான் பிரிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கேன்."



"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டேனுங்க."

"வேற?"

"வேற என்னங்க? கேட்டேன், சொன்னாங்க."

வேதியியல் படித்தவருக்கு அதற்குமேல் கேள்வி எதுவும் தோன்றவில்லை.

சனிக்கிழமை பி-பன்னிரண்டின் அழைப்பு மணியை அடித்தார்.

கதவு பாதி திறந்தது. தாமோதரன் திறந்த பாதியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"மறுபடியும் என்ன பார்க்க வந்தீங்க?"

"பார்க்க வரலைங்க. கேக்க வந்தேன்."

"என்ன கேக்கணும்?"

என்ன கேட்பது என்று நஞ்சுண்டன் யோசித்து வரவில்லை. வாயில் வந்ததைக் கேட்டார்.

"உங்களுக்கு என்னங்க சிரமம்?"

தாமோதரன் கதவிலிருந்து கையை எடுத்தார். அவர் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் அதட்டலாக வந்தது. "யாருப்பா அது?"

அந்தக் குரலை நஞ்சுண்டனுக்குத் தெரியும். தாமோதரனின் தாயார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். கஞ்சி போட்ட புடவை மடிப்புக் கலையாமல் லிஃப்டில் வருவார். அவர் உள்ளே வந்தால் மற்றவர்கள் தானாக நிமிர்ந்து நிற்பார்கள். ஆளைப் பார்த்தே மாதக்கணக்காயிற்று என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தாமோதரன் குரலைத் தாழ்த்தினார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு. மூணு மாசமாப் படுக்கைதான். டயபர் போட வேண்டியிருக்குது. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்க தினமும் டப்பாவைத் திறந்து படம் எடுக்கறீங்க. அதான் மேலயும் கீழயும் காய்கறித் தோலைப் போட்டு மூடி, நாலு முடிச்சுப் போட்டு..."



நஞ்சுண்டன் கைப்பேசியை எடுத்தார். குழுவில் தான் போட்ட படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். அத்தனை மாதப் படங்கள். அங்கேயே நின்று அழித்து முடிக்க நேரமாயிற்று.

"யாருப்பான்னு கேக்கறேன்ல?" மறுபடி உள்ளிருந்து குரல்.

தாமோதரன் திகைத்தார். நஞ்சுண்டன் எட்டிப் பார்க்காமல், நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"செயலாளருங்கம்மா! லிஃப்ட் ரிப்பேருன்னு சொல்ல வந்தேன்."

"அதை எப்பத்தான் ஒழுங்காப் பார்ப்பீங்க? செயலாளர்னு பேரு வேற!"

"நாளைக்கே பார்த்துடறேனுங்கம்மா."

தாமோதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய பேப்பர்ல நல்லாச் சுத்தி வையுங்க," என்றார் நஞ்சுண்டன் மெதுவாக. "காய்கறித் தோல் தனி, அது தனி. காலையில நானே வந்து வாங்கிக்கறேன். யாரும் பிரிக்க மாட்டாங்க. நானும் பிரிக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முப்பத்தொரு கையெழுத்து வந்து சேரவில்லை. தாளை எங்கேயோ வைத்துவிட்டேன் என்றார் தாமோதரன். தேடட்டுமா என்று யாரும் கேட்பதற்குள் நஞ்சுண்டன் எழுந்து, இவ்வளவு நாள் வீட்டு வாசல்களில் தான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

பிறகு ஒவ்வொரு வீடாகப் போனார். டப்பா பக்கம் திரும்பவில்லை. கேட்டார்.

ஒரு வீட்டில் இரண்டு டப்பா வைக்க இடமில்லை. ஒரு வீட்டில் சமையல்காரம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் கணவன் பிரிப்பார், மனைவி கலப்பார். அவர்களுக்குள் அது வேறு சண்டை. ரிமோட்டை எறிந்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

மழைக்காலம் வருவதற்குள் குழியில் நாற்றம் நின்றது.

ஒரு காகிதத்தில் கொஞ்சம் உரத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு நஞ்சுண்டன் உரக்கூடத்துக்குப் போனார். கனகமணி அதைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். தலையசைத்தாள்.

"ஏனுங்க சார், அந்தப் பன்னிரண்டாம் நம்பர் வீட்டுல என்னதான் பிரச்சினை?"

"ஒண்ணுமில்லை அம்மிணி."

"அந்தப் பையில என்ன இருந்துச்சுங்க?"

"குப்பை."

"எங்கிட்டக்கூடச் சொல்ல மாட்டீங்களா?"

நஞ்சுண்டன் வானத்தைப் பார்த்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்குதில்ல?"

கனகமணி சிரித்தாள். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

"இன்னொரு வண்டி சும்மாத்தான் நிக்குதுங்க," என்றாள். "நாளைக்கு மேக்கால வீதிக்கு நீங்க போங்க. நான் கிழக்கால போறேன்."