கோட்டுக்கு வெளியே நான்கு பேர்

துறைமுக ஊர் ஒன்றில் இசக்கியம்மாள் ஒரு மரபணு ஆய்வுக்கூடம் நடத்திவந்தார். அங்கே ஒரு மேஜையில் மனிதர்களின் ரத்தம் இருக்கும், அடுத்த மேஜையில் மீன் துண்டுகள். இரண்டையும் ஒரே கருவியில்தான் படிப்பார். ஒரே மருந்து ஆளுக்கு ஆள் ஏன் மாறி வேலை செய்கிறது, ஒரே மாதிரி தெரியும் மீன்களில் உண்மையில் எத்தனை இனம் என்பதுதான் அவருடைய தேடல்.

அவரிடம் மாணவராகச் சேர்ந்தவர் டாக்டர் தேவசகாயம். காசநோய் மருத்துவர். வயது ஐம்பத்துநான்கு. குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கைராசிக்காரர் என்று பேர். கோபக்காரர் என்றும் பேர்.

ஒருநாள் காலையில் அவர் ஒரு வரைபடத்தோடு வந்தார்.

"இருநூத்தேழு நோயாளிங்க மேடம். எல்லாருக்கும் ஒரே மாத்திரை. இருநூத்திமூணு பேருக்கு நல்லாக் கேட்டிருக்கு. நாலு பேர்தான் கோட்டுக்கு வெளியே நிக்கிறாங்க. அவங்களை எடுத்துடலாமா?"

"ஏன் எடுக்கணும்?"

"மாத்திரை சாப்பிட்டிருக்க மாட்டாங்க. கிருமியைச் சோதிச்சாச்சு, மருந்துக்கு அடங்குற கிருமிதான். அப்புறம் வேற என்ன காரணம் இருக்க முடியும்?"

"அவங்களைக் கேட்டீங்களா?"

கேட்டிருந்தார், அதுவும் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும். நால்வரில் ஒருத்தி உப்பளத்தில் வேலை செய்யும் முத்துக்கிளி. மூன்று மாதம் மாத்திரை தின்றும் சளியில் கிருமி குறையவில்லை. தவறாமல் தின்றதாக அவள் சொன்னதும், "பொய் சொல்லாதே" என்று கத்தினார். அவள் பையிலிருந்த காலி மாத்திரை அட்டைகளை மேஜையில் கொட்டினாள். "மாத்திரையைக் குப்பையில போட்டுட்டு அட்டையை மட்டும் கொண்டு வந்தியா?" என்றார். அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. இருமல் மட்டும் அவளை விடவில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இசக்கியம்மாள் செருப்பை மாட்டினார். "வாங்க டாக்டர், மீன் வாங்கிட்டு வருவோம்."

சந்தையில் மீன் விற்கும் பிலோமினா ஒரு குவியல் காரல் மீனைத் தொட்டுத் தொட்டு இரண்டு கூடையில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் ஒரே மீன்தானே? எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்றார் தேவசகாயம்.

"ஒரே மீனா? நல்லாச் சொன்னிய, போங்க! இது உச்சிக்குள்ள கெட்டுரும். அந்தா இருக்கே, அது அந்தி வரைக்கும் நிக்கும்."

"எங்க கருவி இதை ரெண்டு இனம்னு சொல்ல நாலு வருஷம் ஆச்சு" என்று சிரித்தார் இசக்கியம்மாள். "உங்களுக்கு யாரு அக்கா சொல்லிக்குடுத்தா?"

"நாறிப்போன மீனுதான். நல்ல மீனு வித்துப் போயிரும், அது என்னத்தச் சொல்லும்?" பிலோமினா கையை உதறினார். "மொதல்ல நானும் ஐஸ்காரனத்தான் ஏசுனேன். ஐஸக் கொறைச்சுப் போட்டுட்டான்னு. பாவம், அவன் மேல தப்பே இல்ல."

தேவசகாயம் இரண்டு கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மீன் வாங்கவும் மறந்துபோனார்.

அன்று மாலையே அந்த நால்வரின் ரத்தத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தார்கள். முத்துக்கிளியின் மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருந்தது; மற்ற மூவருக்கும் அதேதான். மற்ற நோயாளிகளுக்கு நாள் முழுக்க நின்று வேலை செய்யும் மருந்தை அவள் உடம்பு சில மணி நேரத்தில் கரைத்து வெளியேற்றியது. அந்த மூன்று மாதமும் மாத்திரையை அவள் ஒருநாள்கூடத் தவறவிட்டிருக்கவில்லை.

மறுநாள் தேவசகாயம் உப்பளத்துக்கே போனார். தப்பு என்மேல்தான் என்று சொல்லத்தான் போனார். "மருந்தோட அளவை மாத்தணும், வாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர்களுக்கு எந்த மருந்தின் பேரும் வாயில் நுழையும், 'தப்பு' என்ற அந்த ஒரு வார்த்தைதான் நுழையாது. ஆனாலும் முத்துக்கிளி வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கையில் வரைபடம் இல்லை.

"முத்துக்கிளிக்குச் சளியில கிருமி இல்ல மேடம். இன்னைக்குத்தான் ரிசல்ட் வந்துச்சு."

"சந்தோஷம். அவங்களுக்குச் சொல்லியாச்சா?"

"சொன்னேன். பிழைச்சுக்கிட்டேன்னு சந்தோஷப்படுவான்னு நினைச்சேன். அவ என் முகத்தையே பாத்துட்டு, 'அப்ப நான் பொய் சொல்லலதான சார்?'னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தப்பு என்மேலதான்னு சொல்ல எழுந்து நின்னேன். வரிசையில எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க... கண்ணுல தண்ணி வந்துடுச்சு மேடம்."

இசக்கியம்மாள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க டாக்டர். அவங்க கேட்ட ரிசல்ட்டும் வந்துடுச்சு."