நூற்றுக்கு நூறு எடுத்த கண்

அரைக்கிணத்துப்பட்டிக்காரர்கள் கிணறு தோண்டும்போது பாதியில் தண்ணீர் வந்துவிட்டது. கிணறு நனைந்துபோகுமே என்று தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த ஊர்ச் சடையாண்டிக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. தை மாதம் மகள் வெயிலுகந்தாளின் குழந்தைக்குக் காதுகுத்து. பேரன் முகத்தைத் தெளிவாகப் பார்த்து, யார் ஜாடை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கிழவருக்கு அது ஒன்றுதான் ஆசை.

பக்கத்து ஊரில் கண் முகாம் போட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டி வந்தவர், "அட்டையில இருக்கிற எழுத்தையெல்லாம் படிச்சிட்டா கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார். உடனே ஊர் கூடியது.

"அப்போ படிச்சிட்டாப் போதும், கண்ணு சரியாயிரும்" என்றார் ஊர்த்தலைவர் கொம்பையா.

"கண்ணு தெரியாம பெரியப்பா எப்படி மாமா படிப்பாரு?" என்றான் சடையாண்டியின் தம்பி மகன் பிச்சாண்டி.

"பரீட்சைக்குக் கண்ணு எதுக்குடே? மனப்பாடம் போதாதா? நீ எட்டாங்கிளாஸ் எப்படிப் பாஸ் பண்ணினே?"

பிச்சாண்டிக்கு அதற்கு மேல் சந்தேகம் வரவில்லை. முகாமுக்கு முந்தின நாளே போய் அட்டையைப் பார்த்து எழுதிவந்தான். ஊரே முறைவைத்துச் சொல்லிக்கொடுத்தது. சடையாண்டி தூக்கத்திலும் "ட, ப, ம, ய" என்றார்.

முகாமில் உட்காரவைத்ததுமே ஆரம்பித்துவிட்டார். கடைசி வரி வரைக்கும் ஒரு பிசகில்லை.

"ஐயா, அட்டை உங்களுக்குப் பின்னால இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"பாத்தீங்களா, முதுகுக்குப் பின்னால இருக்கிறதும் தெரியுது!" என்று பூரித்தார் கொம்பையா.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். "புரை முத்திப்போச்சு. சின்ன ஆபரேஷன்தான். பேரன் பேத்தி முகத்தையெல்லாம் நல்லாப் பார்க்கலாம்."

"ஒரு எழுத்து விடாம சொன்ன மனுஷனை ஃபெயில் போடுறது நியாயமாம்மா?" என்று சண்டைக்குப் போனார் கொம்பையா.

ஆபரேஷன் வேண்டாமென்று சொல்லி, மாலை போட்டு, மேளம் கொட்டிக் கிழவரை ஊருக்கு அழைத்துவந்தார்கள். வழியில் சடையாண்டி ஒரு மின்கம்பத்துக்கு வணக்கம் வைத்து நலம் விசாரித்தார். பாஸானவருக்கு என்ன பணிவு என்று ஊர் மெச்சியது.

காதுகுத்து நாள். விருந்துக்கு வாங்கிய வெள்ளாட்டுக் கிடாய், கழுத்தில் மாலையோடு பந்தல்காலில் கட்டப்பட்டு நின்றது. சடையாண்டி தடவித் தடவிப் போய் அதைக் கட்டிப்பிடித்தார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அப்படியே மாப்பிள்ளை ஜாடை! தாடிகூட!"

ஊர் கிடாயைப் பார்த்தது. மாப்பிள்ளையைப் பார்த்தது. மாப்பிள்ளை தாடியை மறைத்துக்கொண்டார்.

"அப்பா, அது ஆடு!" என்று அலறினாள் வெயிலுகந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"நூத்துக்கு நூறு எடுத்த கண்ணு தாயி. நீ எத்தனை மார்க்கு?" என்று கேட்டார் கொம்பையா.

அவள் பரீட்சையே எழுதவில்லை.

கிடாய்க்குக் காது குத்தித் தோடு போட்டார்கள். பேரனை வெட்ட முடியுமா? பந்தியில் சாம்பார்தான்.

கை கழுவும்போது பிச்சாண்டி மெதுவாகக் கேட்டான்: "மாமா, அப்போ அக்கா இடுப்புல இருக்கிறது யாரு?"

கொம்பையா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "நமக்கெதுக்கு வம்பு? பாஸானவரையே பாத்துச் சொல்லச் சொல்லு."

குழந்தையைச் சடையாண்டி கையில் கொடுத்தார்கள். கிழவர் அதைத் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணை இடுக்கி உற்றுப் பார்த்தார்.

"ட, ப, ம, ய" என்று ஆரம்பித்தார்.

கடைசி வரி வரைக்கும் ஒரு பிசகில்லை.