தம் கட்டுன கஸ்பாரு

மாதா மேல ஆணையா சொல்லுதேன், இதுல ஒரு எழுத்து பொய்யின்னா நாளைக்கே என் மீசை உதிரட்டும். மீசை எங்கன்னு கேக்காதிய.

எங்க மச்சான் கஸ்பாருக்கு அம்பத்தஞ்சு வயசு. முப்பது வருசம் சங்கு குளிச்சவரு. தம் கட்டி முங்குனாருன்னா, மேல நிக்கவன் ஒரு பீடிய முடிச்சிருவான்.

இப்ப சிலிண்டர் மாட்டிக்கிட்டு, சுத்திப்பாக்க வாரவியள கடலுக்குள்ள கூட்டிட்டுப் போற வேலைக்கு ஆசைப்பட்டாரு. அதுக்குப் பரீட்சை உண்டு. ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழத்துல அரை மணி நேரம் இருக்கணும். ரெண்டு தடவை தோத்தாச்சு.

"இது மூணாவது. நாலாவது கெடையாது அண்ணாச்சி"ன்னுட்டா சிலிண்டரோட முங்கப் பழக்குத டீச்சர் ஜெசிந்தா. அவளுக்கு வயசு இருவத்தாறு. அவியள கடலுக்குக் கூட்டிட்டுப் போற மோட்டார் போட்ட ஓட்டுறது நானு.

அன்னைக்குக் காலையில கழுத்தளவு தண்ணியில ஒத்திகை. மச்சான் பந்து மாதிரி மிதந்துட்டாரு.

"சிலிண்டர்ல ஆக்சிஜன் சரியில்ல தாயி."

"அதுல இருக்கது ஆக்சிஜன் இல்ல அண்ணாச்சி. இப்ப இழுக்கியள்லா, இதே காத்துதான்."

"அப்ப முங்குததுக்கு இடுப்புல இன்னும் ரெண்டு ஈயக்கட்டி கட்டு."

"ஈயம் போதும். நீங்க மூச்ச விடல."

"விட்டா தீந்துருமே!"

"கட்டி வச்சாத்தான் ஆபத்து. மேல வரும்போது காத்து விரிஞ்சு நெஞ்சக் கிழிச்சிரும். எத்தன தடவ சொல்ல?"

"தெரியுது தாயி. மொகத்துல தண்ணி பட்டதும் நெஞ்சு தானா பூட்டிக்கிடுது. நான் என்ன செய்ய?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "மச்சான், பேசாம சுண்டல் விக்கப் போவும்"னேன்.

ஆரம்பிச்சாரு பாருங்க! என் மூக்கு, என் போட்டு, எங்கப்பன், ஒண்ணையும் விடல.

டீச்சர் நின்னு கேட்டா. பெறவு, "இத அப்படியே கீழ வந்து திட்டுங்க"ன்னா.

"என்னது?"

"வாயில கொழாயோட. நிப்பாட்டாம. இவரத்தான்"னு என்னயக் காட்டுனா.

ஆழத்துக்குப் போனோம். ரெண்டு பேரும் முங்குனாவ. டீச்சர் விட்ட குமிழி அளவா வந்துச்சு. மச்சானோடது உலையில சோறு கொதிக்க மாதிரி. ஒவ்வொண்ணும் எனக்கு வந்த வசவு!

பத்து நிமிசம். இருவது. மனுசன் மூச்சு வாங்கி வாங்கித் திட்டுதாரு. அரை மணி தாண்டிருச்சு. குமிழிய விட்டுக்கிட்டே மெள்ள மெள்ள மேல வந்தாரு. டீச்சர் தண்ணியிலிருந்தே கத்துனா: "பாஸு!"

நான் போட்டுல ஆடுன ஆட்டத்துல, நானே கடலுக்குள்ள விழப் பாத்தேன்.

மச்சான் போட்டு விளிம்பப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு. "தாயி, முப்பது வருசம் தம் கட்டித்தான கடல செயிச்சேன். அது தப்பா?"

"தப்பில்ல அண்ணாச்சி. அப்ப சங்கு எடுக்கப் போனிய. இப்ப கீழயே இருக்கப் போறிய."



சரி, அரை மணி நேரம் திட்டு வாங்குனது நானு, கேட்டுச் சிரிச்சது நீங்க. உங்க தட்டுல இருந்து ஆளுக்கொரு வறுத்த மீன எடுத்து இந்தப் பக்கம் தள்ளுங்க. முள்ள நானே எடுத்துக்கிடுதேன்.